ஒரு 'ஸ்' விழுந்த சீட்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு தையல் மெஷினின் கால்களுக்கு ரப்பர் வைத்தது. வியாழக்கிழமை மதியம், மாடிப்படிக்கு அடியில் அதை வெட்டினார்கள். பழைய ரப்பர் விரிப்பை மகள் இழுத்துப் பிடிக்க, அப்பா கத்தியை ஓட்டினார். உள்ளங்கை அகலத்தில் எட்டுத் துண்டு, கால் ஒன்றுக்கு இரண்டு. அது மகளின் கணக்கு. தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பவள் அவள்.

"ஒவ்வொண்ணு போதாதா?"

"போதாதுப்பா."

"கணக்கு உன்னோடது, கத்தி என்னோடது. கோஎக்ஸிஸ்ட்!" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

அந்த வார்த்தை அவர் கைக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அப்பா குழாய் வேலைக்காரர். அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. குழாய் ஒழுகினாலும் சரி, மனிதர்கள் முறைத்துக்கொண்டாலும் சரி, எல்லோரும் தட்டுவது அவர் கதவைத்தான். அப்போது முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டாம் மாடித் தையல்காரம்மா காலை எட்டரைக்கு மெஷினை ஓட்டுவார். நேர் கீழே, இரவு ட்யூட்டி முடித்து வந்த நர்ஸ் அப்போதுதான் கண்ணை மூடுவார். தலைக்கு மேல் தடதடவென்று ஆரம்பிக்கும்.

திங்கட்கிழமை மகள் போனில் அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். பழைய மெஷினும் புது மெஷினும் ஒரே தளத்தில் கோஎக்ஸிஸ்ட் பண்ணுமாம். அப்பா காதைத் தீட்டிக்கொண்டார்.

"அது என்ன வார்த்தை?"

"ஒண்ணா இருக்கறதுப்பா."

"அதுக்குத்தான் சேர்ந்து வாழறதுன்னு இருக்கே?"

"சேரவே வேண்டாம். ஒண்ணை ஒண்ணு கெடுக்காம பக்கத்துல இருந்தா போதும். பிடிக்கணும்னுகூட இல்ல."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "பிடிக்கணும்னுகூட இல்லையா! இத்தனை நாள் எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே இதை? அவங்க ரெண்டு பேரையும் சிநேகம் பண்ண வைக்கப் பாத்து என் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு! 'கோ'ன்னா 'போ' இல்ல?"

"அந்தக் கோ இல்லப்பா. கோ-ஆப்பரேட்டிவ்ல வர்ற கோ."

"அப்ப 'போ'வுக்கு நேர் எதிரி! தனியா ஒருத்தர் பண்ணலாமா?"

"முடியாது. குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். யாரோடன்னு சொல்ல 'வித்' போடணும்."

மறுநாள் ஊரே அந்த வார்த்தையைக் கேட்டது. வெந்நீர்க் குழாயும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் ஒரே சுவருக்குள் கோஎக்ஸிஸ்ட் பண்ணின. சாமான் கடைக்காரர் மட்டும், "அது எந்தக் கம்பெனி வால்வுண்ணே?" என்று கேட்டுவிட்டார்.

புதன்கிழமை யாருக்கும் காட்டாமல் ஒரு சீட்டு எழுதி, நர்ஸ் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

அந்தச் சீட்டுதான் வியாழனன்று, எட்டாவது துண்டை வெட்டும்போது திரும்பி வந்தது. தையல்காரம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே! பலே ஆளுண்ணே நீங்க! நர்ஸம்மா மூட்டை கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டி வருதாம்!"

"எதுக்கு?"

"நீங்கதானே போகச் சொல்லி சீட்டுப் போட்டீங்க? கதவுலயே ஒட்டி வச்சிருக்காங்களே!"

மூன்று பேரும் படியேறி ஓடினார்கள். கதவில் பூட்டு, நர்ஸ் அன்று சீக்கிரமே ட்யூட்டிக்குப் போய்விட்டார். சீட்டில் அப்பாவின் கையெழுத்து: 'ப்ளீஸ் கோ எக்ஸிட்.' அடியில் நர்ஸ் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'சரி.'

மகள் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு 'ஸ்'ஸை முழுங்கிட்டேனே!"

"அப்ப அவங்க போகலையா?" தையல்காரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"போகக் கூடாதும்மா. அவங்க போயிட்டா நீ யாரோட கோஎக்ஸிஸ்ட் பண்ணுவே?"

"போன் போடவாப்பா?"

"ட்யூட்டில எடுக்க மாட்டாங்க. எழுத்துல பண்ணின தப்பு, நேர்ல போய்த்தான் சொல்லணும். காலையில ஏழரைக்கு வருவாங்க, படியிலேயே மடக்கிடறேன்."

அன்று மாலையே மெஷினின் நாலு காலுக்கும் ரப்பர் வைத்தார்கள். மகள் தரையில் கருவியை வைத்து அளந்தாள். அதிர்வு மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. "மூணுல ஒண்ணு!" என்று அப்பா கை தட்டினார். தையல்காரம்மாவும் தட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு அப்பா ஒரு செருப்பை மாட்டினார். மற்றதை மாட்டவில்லை, வாசலிலேயே சரிந்துவிட்டார். ஏழரைக்குக் கேட்டுக்குள் நுழைந்த நர்ஸ்தான் பையை எறிந்துவிட்டு ஓடிவந்து அவர் நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. அப்பா கண் திறக்கவில்லை.

அதன்பின் சீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தையல் மெஷினும் ஓடவில்லை. முதல் மாடியில் நர்ஸ் வீட்டு வாசலில் பெட்டிகள் அப்படியே அடுக்கி இருந்தன.

சனிக்கிழமை மகள் அப்பாவின் சட்டையை மடித்தாள். பையில் புதுச் சீட்டு. 'நர்ஸம்மாவுக்கு. கோஎக்ஸிஸ்ட் வித் அஸ்.' இரண்டு 'ஸ்'ஸுக்கும் அழுத்தமாக அடிக்கோடு.

ஞாயிறு காலை. மகள் மேலே போய், "அக்கா, இன்னிக்கு மெஷினை ஓட்டுங்க. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு நர்ஸம்மா கேக்கட்டும்" என்றாள். பிறகு இறங்கி, முதல் மாடிப் படியில் சீட்டோடு உட்கார்ந்தாள். ஏழரை ஆகியிருந்தது. கீழே கேட் திறந்தது.