உயிரியலாகிப் போன துருக்கியம்

எலுமிச்சை மணக்கும் அந்த வாசனை நீர் உள்ளங்கையில் விழும்போது முதலில் சுடுவது போலவும் மறுகணமே குளிர்வது போலவும் இருக்கும். வட இலண்டனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், எதிர்வீட்டுத் துருக்கியச் சைப்பிரசுக் குடும்பத்தார், வந்தவர் எவராயினும் அமரச் செய்து, கையை நீட்டச் சொல்லி, அந்தக் "கொலோன்யா"வை ஊற்றிய பின்னரே பேச்சைத் தொடங்குவார்கள். என் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, எட்டு வயது முதல் பள்ளி விட்ட பிறகு நான் வளர்ந்தது அந்த வீட்டில்தான். அவ்வீட்டுப் பெண் அய்செல் என் வகுப்புத் தோழி. அவளுடைய தாய் என்னை "கிசிம்" என்று, அதாவது மகளே என்று, கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்குத் தம் மொழியைப் பழக்கிவிட்டார்.

ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளியின் இறுதி இரண்டாண்டுகளுக்கான "ஏ லெவல்" பாடங்களாகக் கணிதத்தையும் இரசாயனவியலையும் துருக்கியத்தையும் நான் தேர்ந்தது எனக்கு இயல்பாகவே பட்டது. என் வீட்டாருக்கோ அது குடும்பத்தின் மேல் விழுந்த இடி.

"துருக்கி படிச்சு என்ன செய்யப் போறாய்? கெபாப் வெட்டப் போறியோ?" என்று கேட்டார் அப்பா. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்து, இங்கே பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் அமர்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவர் கேட்ட கேள்வி அது. அம்மா அதனினும் நடைமுறை அறிந்தவர்: "படிக்கிறதெண்டால் படி. ஆனா கோயிலில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

விளையாட்டுப் பொருள்கள் அடைத்த அறையை ஒட்டிய, சன்னலற்ற சிற்றறை ஒன்றில் எங்கள் வகுப்பு நடந்தது. ஐவரில் நான் ஒருத்தியே வெளியாள். துருக்கி நாடு அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறிக்கொண்டதனால் பாட்டனாரின் கடிதத்தைப் பேரன் வாசிக்க இயலாது போன கதையை அங்கேதான் கட்டுரையாக எழுதினேன். சொல்லின் வாலில் உறுப்புகளைக் கோத்துக்கொண்டே போய் இறுதியில் வினையை வைத்து முடிக்கும் அம்மொழியின் நடை, ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நெருக்கமானதென்று கண்டு, அந்த வியப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "உதைக் கொண்டுவந்து தமிழோட ஒப்பிடாதை" என்றார் அப்பா. அவர் வாசித்த தமிழ், மாதமொரு முறை வரும் கோயில் அறிவித்தல் மட்டுமே.

பள்ளியாரும் இதில் குறைந்தவரல்லர். வீட்டில் பேசும் மொழியில் பெறும் புள்ளியைப் பல்கலைக்கழகங்கள் பெரிதாக மதிப்பதில்லை என்று அய்செலிடம் சொன்ன வழிகாட்டி ஆசிரியர், அதே பாடத்தை எடுத்த என்னைத் தட்டிக்கொடுத்தார். "நீ எடுத்தால் அது பாடமடி, நான் எடுத்தால் அது சமையலறைப் பேச்சு" என்று அய்செல் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். எனினும் இரண்டாண்டும் என் பிழைகளை அவளே திருத்தினாள்.

மூன்று பாடங்களிலும் எனக்கு "ஏ" கிடைத்தது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில், நற்பெறுபேறு பெற்ற பிள்ளையை மேடையேற்றி, பாடம் பாடமாகப் புள்ளிகளை உரக்க வாசித்துக் கேடயம் கொடுப்பது வழக்கம். தமிழ் பயிற்றுவதற்கென்று நிறுவப்பட்ட பள்ளியில் தமிழுக்குக் கேடயம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மேடையில் துருக்கியம் என்று சொல்வார்களா? முந்நூறு பேருக்கு முன்னால் ஒரு வெளியாள் படித்தாள் என்று சொல்வதை அம்மா கேட்க வேண்டுமாம்" என்றாள் அய்செல். சொல்வார்கள் என்று வாக்களித்தேன். தாயும் மகளும் வந்து நான்காம் வரிசையில் அமர்ந்தார்கள். தாய் புதிய மேலங்கி அணிந்திருந்தார்.

பள்ளியின் தலைவர், பியரும் சிகரெட்டும் விற்கும் மூலைக்கடையொன்றின் உரிமையாளர். பிள்ளைகளுக்கு அவர் "பிரசிடென்ட் அங்கிள்". அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்: "மெத்ஸ், கெமிஸ்ட்ரி, பயலொஜி! மூண்டும் ஏ! கைதட்டுங்கோ!"

கைதட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன்; அவர் தம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு பெற்ற பிள்ளை இரண்டு சொல் பேச வேண்டுமென்பதும் வழக்கமாதலால் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று அம்மண்டபத்திலிருந்த அற்பர்களை எண்ண நேர்ந்தால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆங்கிலம் அறியாத அந்தத் தாய் மட்டும் கைதட்டலை நிறுத்தவேயில்லை. "உன் பயலொஜிக்கு வாழ்த்துகள்" என்றாள் அய்செல். தாயின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பின் அவ்வீட்டுக் கதவை நான் தட்டவில்லை. தட்டும் துணிவு இல்லை.

"அங்கிள் போன் பண்ணி, பயலொஜியெண்டு வாசிக்கட்டோவெண்டு கேட்டவர். சனத்துக்கு விளங்காதெண்டு அப்பா ஓமெண்டிட்டார். இதில என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அம்மா.

அந்த அடுக்குமாடியை இடித்துவிட்டார்கள். எதிர்வீட்டார் எங்கே போனார்களென்று தெரியவில்லை. நான் "ஏ லெவல்" படித்த பள்ளியில் துருக்கியம் இப்போது இல்லை. என் நாவிலும் அது ஏறக்குறைய இல்லை. தமிழ்ப் பள்ளித் தலைவரின் பேத்தி அண்மையில் ஸ்பானிய மொழியில் "ஏ" வாங்கியதை மட்டும் அதே மேடையில் இருமுறை வாசித்தார்களாம்.

அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. தாம் உடன்பட்ட பொய்யைக் காலப்போக்கில் அவரே நம்பிவிட்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்த குளிசைகளை மேசையில் பரப்பிவைத்து, "இது இருதயத்துக்கோ, சிறுநீரகத்துக்கோ? நீ பயலொஜி படிச்சனிதானே, பார்த்துச் சொல்லு" என்கிறார்.

பெட்டியின் மேலுள்ளதை வாசித்து, நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.