கௌஸ் மொய்தீனின் சொந்த யோசனை

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குத் தகரப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கௌஸ் மொய்தீனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வருடம் 1981. அவன் ராயக்கோட்டைக்காரன். அப்பா தக்காளி மண்டியில் தரகர். ஏழு பிள்ளைகளில் இவன் ஐந்தாவது. மண்டியில் இவனை மூத்தவர் அதாவுல்லாவின் தம்பி என்றுதான் தெரியும். பெற்ற அப்பாவே மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தடுமாறிய பிறகுதான் இவன் பெயருக்கு வருவாராம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வான்.

அப்போதெல்லாம் எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மனு கொடுப்போம். கையெழுத்தை வரிசையாகப் போட மாட்டோம், வட்டமாகப் போடுவோம். எவன் முதலில் போட்டான், எவன் தூண்டிவிட்டான் என்று ஆபீசில் கண்டுபிடிக்க முடியாது. தமிழ், தெலுங்கு, கன்னடக் கையெழுத்துகள் சுற்றி வர, கோரிக்கை நடுவில் இருக்கும். குடிதண்ணீர்க் குழாயும் இரண்டாவது ஷிப்டு பஸ்ஸும் அப்படி வாங்கியவைதான். மனுவை எழுதுவது மொய்தீன். அவன் எழுத்து அச்சுப் போல இருக்கும். ஆனால் அதை எழுதியது தான் என்று யாருக்கும் தெரியாமல் போகிறதே என்று என்னிடம் புலம்புவான்.

87-ல் எங்கள் மேனேஜர் ஜப்பான் போய்விட்டு வந்தார். வந்த கையோடு கேன்டீன் வாசலில் ஒரு பச்சைப் பெட்டியை மாட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் சொந்த யோசனையைத் தன் சொந்தப் பெயரில் எழுதிப் போடலாம். நல்ல யோசனைக்கு மேடையில் பரிசு, நோட்டீஸ் போர்டில் போட்டோ. உங்களுக்குள் இருப்பதை வெளியே கொண்டு வாருங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். உலகம் முழுக்கவே அப்போது இந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு வருடம் எங்களை வாய் திறக்க விடாதவர்களுக்குத் திடீரென்று எங்கள் மனசின் மேல் அக்கறை வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? மொய்தீன் சந்தேகப்படவில்லை.

கிருஷ்ணப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரிகைக்காரன், கான்ட்ராக்ட் ஆள். மொய்தீன் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் நின்று தகட்டை நுழைப்பான். கிருஷ்ணப்பன் பின்னால் நின்று, அடித்து விழும் பாகத்தைக் குறடால் இழுப்பான். ஒருவனுக்குக் கவனம் தப்பினால் இன்னொருவனுக்குக் கை போய்விடும். ஐந்து வருடம் அப்படி நின்றவர்கள் அண்ணன் தம்பியைவிட நெருக்கமாகத்தானே இருப்பார்கள். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுவார்கள்.

மொய்தீனின் யோசனை இதுதான்: பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தகரச் சரிவு வைத்துவிட்டால் பாகம் தானாகவே வழுக்கிப் பெட்டியில் விழும். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அதைச் செய்து பார்த்தார்கள். நீ அளவெடு பாய், நான் புடிச்சிக்கிறன் என்று கிருஷ்ணப்பன்தான் தகரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பான். விழும் பாகம் நசுங்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபைப் போடலாம் என்று சொன்னதும் அவன்தான். எல்லாம் தானாக விழுந்தால் பின்னால் நிற்பவனுக்கு என்ன வேலை என்று நான் மொய்தீனைக் கேட்டேன். இவ்வளவு செய்தவனுக்கு வேறு மெஷின் கொடுக்காமலா இருப்பார்கள் என்றான். படிவத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் எழுதக் கூடாது என்றும் போட்டிருந்தது. மொய்தீன் தன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டான்.

அந்த வருடத்தின் சிறந்த யோசனை அதுதான் என்றார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை ஹாலுக்குள் விடவில்லை. மொய்தீனுக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, மைக்கையும் கையில் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் பேசினான். மண்டியில் தக்காளி பலகையில் உருள்வதைப் பார்த்துத் தனக்கு அந்த யோசனை வந்ததாகச் சொன்னான். வாய்க்கு வாய் நான், நான் என்றுதான் வந்தது. கிருஷ்ணப்பன் என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வேண்டுமென்றே மறைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து கிடைக்காதது கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. நானும் கை தட்டினேன்.

அடுத்த மாதம் எட்டு பிரஸ்ஸுக்கும் சரிவு மாட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் பின்னால் நிற்கும் எட்டுப் பேரையும் கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார் கான்ட்ராக்டர்.

மொய்தீன் பர்சனல் ஆபீசரிடம் ஓடினான். யோசனையைத் திரும்பத் தந்துவிடுங்கள், போட்டோவையும் எடுத்துவிடுங்கள் என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறான். எழுதிக் கொடுத்த பிறகு அது கம்பெனியுடையது, வேண்டுமானால் இதைப் பற்றி இன்னொரு யோசனை எழுதிப் போடு என்று அவர் பொறுமையாகவே சொன்னாராம். எட்டுப் பேருக்காக மனு ஒன்றை எழுதிக்கொண்டு மொய்தீன் ஒவ்வொருவனிடமும் போனான். என்னையும் சேர்த்து ஆறு பேர்தான் கையெழுத்துப் போட்டோம். மற்றவர்கள் எல்லாம் கேன்டீனில் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு யோசனைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து மொய்தீன் என்னையும் கூட்டிக்கொண்டு பேரிகைக்குப் போனான். கிருஷ்ணப்பனும் அவன் மனைவி வீரலட்சுமியும் கல் குவாரிக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். அவளுக்கு ஏழாம் மாதம். முந்தின வாரம் ஜல்லிக் கூடை தூக்கும்போது விழுந்து, குழந்தை தங்கவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மொய்தீன் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

கிருஷ்ணப்பன் கோபப்படவில்லை. திண்ணையில் உட்காரப் பாயைப் போட்டான். கூச்சத்தோடு கேட்டான்.

"ஏம் பாய், மைக்குல பேசினியாமே. எம் பேரச் சொன்னியா?"

மொய்தீன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னேன் கிருஷ்ணப்பா."

கிருஷ்ணப்பன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் உள்ளே திரும்பி, "கேட்டியாம்மே, அத்தினி பேரு முன்னால எம் பேரச் சொல்லிக்கிறாரு பாய்" என்றான்.

வீரலட்சுமி திரும்பவில்லை. சுவரிடம்தான் கேட்டாள்.

"பேரு தெரிஞ்சுமா வேலைய வுட்டுத் தொரத்தினாங்க?"