இரண்டு நேரத்தில் ஓடிய மெசின்

போன கிழமை ஒரு மெசின் என்னிடம் நேரம் கேட்டது.

மனிசர் கேட்பது வழமை. என் கை மணிக்கூடு ஒருநாளும் பிந்தியதில்லை என்று மல்லாவிச் சந்தைக்கே தெரியும். ஆனால் இது கம்பியூட்டர். இங்கிலீசில் ஏதோ எழுதிவிட்டு, பதிலுக்காக மினுங்கிக்கொண்டு நின்றது.

"நேரம் கேக்குது ஐயா. அடியுங்கோ" என்றார் ஜெசிந்தா ரீச்சர்.

அடித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான்... அதற்காக இலக்கம் தெரியாதா?

ரீச்சர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். இடம்பெயர்ந்து வந்து இங்கே படிப்பிக்கிறார். அவருடைய தம்பி அன்ரன் கொழும்பில் படித்த காலத்தில், கம்பியூட்டர் திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தான். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அவன் எழுதிய மூலம், அதுதான் சோர்ஸ் கோட், தொலைந்தது. போன மாரியில் மலேரியா மூளைக்கு ஏறி, அவனும் போய்ச் சேர்ந்தான்.

மிஞ்சியது ஒரு டிஸ்க். அதில் இருந்தது முடிந்த புரோகிராம் மட்டும். மெசினுக்கு விளங்கும், மனிசருக்கு விளங்காது. அதுவும் பழைய மாதிரித் திரைக்கு எழுதியது. மாதா கோயில் அறையில் உள்ள இந்தக் கம்பியூட்டரில் போட்டால் வெறும் கறுப்பு.

"தம்பி செய்ததில இது ஒண்டுதான் மிச்சம் ஐயா. இதையாவது ஓட வைக்கவேணும்."

என்ன வழி? கழற்றவேண்டும், ஓரிடத்தைத் திருத்தவேண்டும், திரும்பப் பூட்டவேண்டும். என்ஜின் வேலைதானே! கழற்றுகிறதற்கு டிஸ்அசெம்பிளர் என்று ஒன்று. பூட்டுகிறதற்கு அசெம்பிளர். எனக்கு அவை கழற்றி, பூட்டி. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பாதிரியார் கொண்டுவந்தது அவற்றின் சோர்ஸ் கோட் மட்டும்தான். ஸ்பானர் கேட்டவனுக்கு இரும்பையும் வரைபடத்தையும் கொடுத்த மாதிரி!

ஆக, முதலில் அந்த இரண்டையும் கட்டியெடுக்க வேண்டும். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டளை அடித்து.

கரண்ட் என்னுடையது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்ரார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓடவிடுவதில் என்னை வெல்ல இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனாலும் கரி பிடித்தால் பிளக் அடைக்கும். ஜெனரேற்றர் நிற்கும். ரீச்சர் எங்கே விட்டார், எதை அடித்தார்... எல்லாம் குழம்பிவிடும்.

அதனால் அவர் ஒரு வேலை செய்தார். கட்டளைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைத்தார். ஒரு சொல் அடித்தால் போதும், மெசின் தானாகவே கட்டும். கட்டி முடித்த துண்டைத் திரும்பக் கட்டாது.

"அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொண்டிலயும் நேரம் பதிஞ்சிருக்கு ஐயா. கட்டின பிறகு மூலத்தைத் திருத்தியிருந்தா மட்டும், அந்தத் துண்டைத் திரும்பக் கட்டும்."

கெட்டிக்கார மெசின்! ஒரே குறை, நேரத்தைப் பிடித்து வைக்கும் சின்னப் பற்றரி செத்துவிட்டது. வன்னிக்குள் பற்றரி வர ஆமி விடுமா? எழும்பும் ஒவ்வொரு முறையும் நேரம் கேட்கும். யாராவது சொல்லவேண்டும்.

அன்று காலை நேரம் சொன்னது ரீச்சர். பூட்டி, கழற்றி இரண்டும் கட்டி முடிந்தன. கழற்றியைத் தம்பியின் புரோகிராமில் விட்டால்... குப்பை. கால் மணித்தியாலம் தேடி, கழற்றியின் மூலத்தில் எங்கள் மெசினுக்கு ஒத்துவராத வரியைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது.

பிளக்கைத் துடைத்து ஸ்ரார்ட் எடுத்தேன். அப்போதுதான் நான் நேரம் அடித்தது. ரீச்சர் வரியைத் திருத்தி, அந்த ஒரு சொல்லை அடித்தார். கண் மூடித் திறக்கமுன் மெசின் வேலை முடிந்தது என்றது. ஓடவிட்டோம். அதே குப்பை.

திரும்பப் பார்த்தார். வரி சரி. திரும்ப ஓடவிட்டார். குப்பை.

"அப்ப டிஸ்க்தான் பழுது. ஈரத்தில கிடந்தது... தம்பியின்ர புரோகிராமே போயிட்டுது ஐயா. நிப்பாட்டுங்கோ. மண்ணெண்ணெயை வீணாக்காதேங்கோ."

தம்பியின் அடக்கத்தன்றுகூட அவருடைய அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"என்ர ஜெனரேற்றர். நிப்பாட்டுறது நான்! எண்ணெய் இன்னும் கிடக்கு, இருங்கோ பிள்ளை."

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் இருந்தார். சும்மா இருக்க ஏலாமல், கோப்புகளின் நேரங்களைத் திரையில் எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஐயா, நான் இப்ப திருத்தினது, ஜெனரேற்றர் நிக்கமுன் கட்டின துண்டுக்கு முந்தினதாம். என்ன நேரம் அடிச்சனீங்கள்?"

"சரியான நேரம்."

"பழைய நேரமோ, புது நேரமோ?"

"இதென்ன கேள்வி? எங்கட பழைய நேரம்தான்!"

ரீச்சர் தலையில் கைவைத்தார். கொழும்பில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியதை வன்னி ஏற்கவில்லை. இன்றைக்கும் அரை மணித்தியால வித்தியாசம். ரீச்சர் காலையில் அடித்தது வானொலி சொல்லும் புது நேரம். நான் அடித்தது பழையது. அதனால், கட்டி அரை மணித்தியாலத்துக்குள் திருத்திய வரி மெசினுக்குப் பழசாகத் தெரிந்தது. அந்தத் துண்டை அது தொடவே இல்லை!

"உங்கட மணிக்கூடு பிழை ரீச்சர்."

"உங்கடையும் சரி, என்ரையும் சரி ஐயா. அதுதானே கரைச்சல்! எதெண்டாலும் ஒண்டா இருந்தாப் போதும்."

பிழையான மணிக்கூட்டை நான் திருத்துவேன். இரண்டு சரியான மணிக்கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த நாட்டில் எத்தனை வேலை இப்படிக் கெட்டுக் கிடக்கிறதோ...

என் நேரத்தையே வைத்தோம். ஜெனரேற்றர்காரன் நேரம்தானே ஓடும்! கட்டிய துண்டுகள் முழுவதையும் அழித்துவிட்டு, ரீச்சர் அந்த ஒரு சொல்லை அடித்தார். மெசின் முதலிலிருந்து கட்டியது. இந்த முறை கழற்றி ஒழுங்காகக் கழற்றியது. திரைக்கான இடத்தைக் கண்டுபிடித்து மாற்றினார். பூட்டி பூட்டியது.

கறுப்பு போய்விட்டது. ரீச்சர் எதையோ அடித்துவிட்டு, கதிரையைத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"வாசியுங்கோ ஐயா."

அதுவரை அந்தத் திரையில் வந்த ஒரு சொல்லும் எனக்கு விளங்கியதில்லை. இது விளங்கியது.

"அன்ரன்" என்று உரத்து வாசித்தேன்.

"இன்னொருக்கால்" என்றார். வாசித்தேன்.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் வாசித்தேன்.