மூன்றாம் முறை கதவை அறுத்தது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தார் போடும்போது பழையதைச் சுரண்ட மாட்டார்கள். அதன் மேலேயே போடுவார்கள். ரோடு உயரும், வீடு தாழும், மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். தரையை உயர்த்த வேண்டும். தரை உயர்ந்தால் கதவின் அடியை அறுக்க வேண்டும். இரண்டு முறை அறுத்தாயிற்று. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடையில் மூன்றாம் முறை.

இனியும் அங்கே எதற்கு, வந்துவிடுங்கள் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இருந்தது அம்பத்தூரில், மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை, ஐம்பத்து நான்கு படி. என் மனைவியின் முழங்காலுக்கு ஐந்து படியே அதிகம். ஒருமுறை ஏறினால் பிறகு இறங்கவே மாட்டாள்.

முதலில் தரைக்குக் கடப்பாக்கல் அறுத்தார்கள். கல் அறுக்கும் வட்ட ரம்பத்துக்குப் பல் கிடையாது, விளிம்பில் வைரப்பொடிதான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும். வீடெல்லாம் சாம்பல் நிறச் சேறு. அடுத்து இரும்பு கேட்டின் அடி. அதற்கும் பல்லில்லாத வட்டம், ஆனால் தானும் தேய்ந்துகொண்டே அறுப்பது. தட்டளவில் தொடங்கியது சாசரளவில் முடிந்தது. பொறி பட்டு என் வேட்டியில் ஏழு ஓட்டை.

மரத்துக்குத்தான் பல். நீளவாக்கில் அறுக்க இருபத்து நான்கு, குறுக்கே சிம்பு எழாமல் அறுக்க அறுபது. தச்சர் இரண்டு பிளேடும் கொண்டுவந்திருந்தார். எண்ணிப் பார்த்தேன்.

"பல்லு எண்றியா பெருசு? உன் வாய்ல எத்தினி கீது, அத்த எண்ணு."

"பதினொண்ணு."

கதவைக் கழற்றிக் கிடத்தி, கோடு போட்டவர் நிமிர்ந்தார். "அடிச்சட்டம் முழுசாப் பூடும் நைனா. பலகைய இன்னா புட்சிக்கும்? பேசாம புள்ள வூட்டுக்குப் பூடுங்க."

"சட்டம் போனா குறுக்க ஒரு மரப்பட்டிய அடிச்சிடுப்பா," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"வாசலே குள்ளமாயிடும் யம்மா. அட்த்த தபா கதவ இல்ல, உன் வூட்டுக்காரரதான் அறுக்கணும்."

"அதுக்கு எத்தனை பல்லு வேணும்?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டார். சட்டம் ஒரே துண்டாக விழுந்தது. பலகைகள் ஆடின, பட்டியை வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். மாட்டிய பிறகு நான்காம் தடவையில்தான் தாழ்ப்பாள் விழுந்தது.

மாலையில் மகனிடம் போனில், வரவில்லை என்றேன்.

"மறுபடி ரோடு போட்டா?"

அப்போது பார்க்கலாம் என்று சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். முழங்காலைத் தேய்த்தபடியே, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.