குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெயின் வாசனை வந்ததும், சிவாஜிநகரில் அதே எண்ணெயை அப்பா துப்பாக்கிக் கட்டைகளுக்குப் பூசிய, இன்று இல்லாத பட்டறையும், பள்ளி விட்டு வந்த என்னையும் உள்ளே வைத்து அவர் கம்பிக்கதவைப் பூட்டும் சத்தமும் நினைவுக்கு வருகின்றன.

ஒரு தேர்த் திருவிழா அன்று பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று பழுதுபார்க்க வந்திருந்தது. மழையில் ஊதிய மரக்கட்டை இரும்புக் குழலை ஒரு பக்கம் தள்ளியதால் குறி தவறியது. அப்பா கட்டையைத் தேய்ப்பார், இரண்டும் உரசாமல் இருக்கின்றனவா என்று நடுவே உள்ள இடுக்கில் காகிதத்தைச் செருகி இழுப்பார், அது சிக்கும், மறுபடி தேய்ப்பார். தெருவில் தேர் மேளம் நெருங்கியது.

"கொஞ்சம் தொறப்பா, தேர் பாத்துட்டு ஓடி வந்துர்றேன்."

"துப்பாக்கி வெளிய இருக்கறப்போ கதவத் தொறக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

காகிதம் சிக்காமல் ஓடியபோது தேர் போய்விட்டிருந்தது. நான் அழுதேன். அப்பா கம்பியைப் பிடித்தபடி காலித் தெருவைப் பார்த்தார்.

"இந்தப் பட்டறைய எடுத்ததுல இருந்து நானும் தேர் பாத்ததில்லம்மா."