சேக்காளிப் பாட்டு பிறந்த கதை

தாயில்பட்டி செல்வலட்சுமி பாட்டுக் கட்டுவது வேலை நேரத்தில். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது; வெடிமருந்துக் கையால் பேனா பிடிக்கவும் முடியாது. அதனால் சரம் பின்னிக்கொண்டே மனசுக்குள் அடியடியாகச் சேர்த்து, சாயங்காலம் உலை வைத்துவிட்டு எழுதுவாள். புருஷன் சிவபாண்டி அச்சாபீஸிலிருந்து கொண்டுவரும் கழிவுத் தாள்தான் நோட்டு. ஒரு பக்கம் மத்தாப்பு லேபிள், மறுபக்கம் இயேசு. நாற்பத்து நாலு வயதுக்குள் பதினேழு பாட்டு சேர்ந்திருந்தது.

அவள் பாட்டில் இயேசு ராஜாவாக வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சேக்காளியாக வருவார். தூக்குச்சட்டியைத் திறந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பார். ஜெபவீட்டில் ஒன்றிரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் கண்டுகொள்ளாமல் பாடினார்கள்.

பாஸ்டர் அருள்பாண்டிக்கு ஒரு வழக்கம். பாட்டைப் பாடுமுன் அதை எழுதியவர் கதையைச் சொல்வார். எங்கோ ஒரு தேசத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், கண் தெரியாதவர், கட்டிக்கொள்ள இருந்தவளை இழந்தவர். ஆண்டுவிழாப் பாட்டுப் புத்தகத்தில் செல்வலட்சுமியின் பாட்டு ஒன்றைச் சேர்த்ததும் அவளிடமும் கேட்டார்.

“இந்தப் பாட்டு எப்பிடிப் பொறந்துச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுங்கக்கா. ஞாயித்துக்கெழமை நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும்.”

“சும்மா தோணுச்சுய்யா.”

“சும்மா தோணுன பாட்டு இப்பிடி இருக்காதே.”

பாட்டு இப்படித் தொடங்கியது:

சொல்லாததைச் சொன்னேனே, சேக்காளி – நீ
சொல்லிக்காட்டவில்லையே, சேக்காளி.

சொல்லாதது எது என்று அவளுக்கும் இயேசுவுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சீசனில், மருந்து செலுத்தும் ரூமில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. காற்றோட்டமான ரூமில் சரம் பின்னிக்கொண்டிருந்த குருவம்மாளிடம் போய், “போர்மேன் ஒன்னய அங்கன மாறிக்கிடச் சொன்னாரு” என்றாள். போர்மேன் பாலகுரு அப்படிச் சொல்லவே இல்லை. குருவம்மாள் மாறிப் போனாள். பதினோரு மணிக்கு அந்த மருந்து ரூம் தீப்பிடித்தது. குருவம்மாள் வலது கையும் கழுத்தும் வெந்து நாலு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊருக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு வருஷம் செல்வலட்சுமிதான் தினம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். அன்றைக்குச் சொன்னது பொய் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

குருவம்மாள் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவள். ஆனாலும், “ஒம் பாட்டுப் பாடுற அன்னைக்கு நானும் வாரேன்” என்று சொல்லியிருந்தாள்.

வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று செல்வலட்சுமி இரண்டு நாள் முயன்றாள். வரவில்லை. பொய்யால் வந்த பாட்டுக்கு இன்னொரு பொய்யா என்று இருந்தது. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் குருவம்மாள் வீட்டுக்குப் போனாள். குருவம்மாள் தரையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

செல்வலட்சுமி உட்காராமலேயே சொன்னாள். “அன்னைக்குப் போர்மேன் ஒன்னய மாறச் சொல்லல, குருவு. நாந்தேன் பொய் சொன்னேன்.”

குருவம்மாள் ஒரு பெட்டியை ஒட்டி முடித்து ஓரமாக வைத்தாள்.

“தெரியும்.”

“எப்பிடி?”

“மூணா நாளே போர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஒன்னய யாரு அந்த ரூமுக்குப் போகச் சொன்னான்னு கேட்டாரு. நானாப் போனேன்னுட்டேன்.”

செல்வலட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தாள். “ஏன் எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா நீ வராம நின்னுருவ. கஞ்சிக்கு நான் எங்கன போறது?”

“கோவமே இல்லயாக்கும்?”

“இல்லாம? ஒரு வருசம் இருந்துச்சு. கஞ்சியில உப்பில்ல, புளிச்சுப்போச்சுன்னு அம்புட்டு வஞ்சேனே, அது கஞ்சியவா? பெறகு வைய அலுத்துப்போச்சு.” பசைக் கையைத் துணியில் துடைத்தாள். “மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்கு? சாப்பிட்டியா, இல்லயா?”

“வியாழக்கெழமையில இருந்து இறங்கல.”

“ஒங்க சாமி பட்டினி போடச் சொன்னாரா?”

தட்டு வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு. செல்வலட்சுமி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அழுகை வந்தது. அது பாட்டுக்கு வரட்டும் என்று சாப்பாட்டை நிறுத்தவில்லை.

“நாளைக்கு அங்கன இதச் சொல்லணும். சொல்லட்டுமா?”

“சொல்லு. ரூம் மாத்துனதுக்குப் போர்மேன் தலைய உருட்டாம சொல்லு. அந்தாளு பிள்ளகுட்டிக்காரரு.”

மறுநாள் ஜெபவீட்டில் செல்வலட்சுமி எழுந்து நின்றாள். பொய்யைச் சொன்னாள், தீயைச் சொன்னாள். பேரைச் சொல்லாமல், “என் சேக்காளி ஒருத்தி” என்றாள்.

இரண்டாம் வரிசையில் அரக்குச் சேலை கட்டி உட்கார்ந்திருந்த குருவம்மாள், தழும்பேறிய கையை உயர்த்தினாள்.

“அது நாந்தேன்,” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “ம், பாடு.”