மச்சான் பிடுங்கிய விசை

மச்சானின் மேசையில் இருக்கிற விசைப்பலகையில் ஒரு விசை இல்லை. மஞ்சளேறிப்போன அந்தப் பலகையில், டிலீட் விசை இருந்த இடத்தில், பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு குழி. அவர் கண்ணை மூடி, மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, உடுப்புகளைப் பிரித்துக் கொடுக்க எடுத்தபோது, கடைசியாக அவர் உடுத்த சட்டையின் பையிலிருந்து அந்த விசை விழுந்தது. இத்தனை வருஷமாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி அதைச் சுமந்து திரிந்திருக்கிறார்.

மச்சான் என் மூத்த சகோதரியின், ராத்தாவின், மாப்பிள்ளை; அவள் புருஷன். எங்கள் கரைக்கு முதன்முதலில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர். நான் அப்போது கல்முனை பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கொழும்பு பஸ்ஸிலிருந்து அதை இறக்கக் கை கொடுத்தேன். "மெதுவா மச்சான், புள்ளயத் தூக்குற மாதிரித் தூக்குங்க" என்றார். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். திரையில் தமிழ் வராத காலம் அது. கட்டம் போட்ட கொப்பியில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, தானே உள்ளே ஏற்றினார். பிறகு பள்ளிவாசலின் குடும்பப் பதிவேட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதினார். கேட்ட ஊர்களுக்கெல்லாம் அதைக் காசில்லாமல் டிஸ்கில் கொப்பி போட்டுக் கொடுத்தார். சனங்கள் "கம்ப்யூட்டர் சேர்" என்றார்கள். எனக்கும் பெருமைதான், பஸ்ஸில் வருகிற ஆட்களிடமெல்லாம் அளந்து விடுவேன்.

அந்தப் புரோகிராமில் ஒரு பிழை இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். மச்சானும் அப்படித்தான் ராத்தாவின் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டையும் புருஷனின் பேரில் கட்டிவைத்தார். பொஞ்சாதியும் பிள்ளைகளும் அவன் பேருக்குக் கீழே. யாராவது மௌத்தானால் பேரை எடுத்து டிலீட்டை அழுத்த வேண்டும். புருஷனின் பேர் போனால் அவனுக்குக் கீழே இருக்கிற பேர்களோடு வீடே போய்விடும் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு மௌத்துதானே, யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

சுனாமியன்று கடல் எங்கள் வீட்டு மதிலோடு நின்றது. மற்றவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. மச்சான் மூன்று நாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, மௌத்தானவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக அழித்தார். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலை அச்சடித்து முகாமுக்குக் கொண்டு போனோம். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண் பட்டியலை இரண்டு தரம் பார்த்தாள்.

"நான் உசிரோடதானே நிக்கிறன், சேர். எண்ட பேரு எங்க?"

மச்சான் தாளைப் புரட்டினார். அவளுடைய பேர் இல்லை. விதவையானவர்களில் ஒருத்தியின் பேரும் இல்லை. முகாம் முகாமாகக் கொப்பியோடு நடந்து அவர்களை எழுதி வந்தார். வந்த கையோடு ஸ்க்ரூ டிரைவரால் அந்த விசையை நெம்பி எடுத்தார். "இந்தப் பொட்டிக்கு நம்மட ஊர் தெரியா மச்சான். எனக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுக்கல்ல" என்றார்.

புரோகிராமைத் திருத்தினார். ஆனால் கொடுத்த கொப்பிகள் ஊர் ஊராய்ப் பெருகியிருந்தன. பஸ் ஏறி ஏறி அவற்றைத் தேடிப் போனார். சில இடங்களில், "நல்லாத்தானே ஓடுது, உடுங்க சேர்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் நோயோடு படுத்திருந்தும், "இன்னும் எத்தின கெடக்கோ" என்றுதான் முனகினார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன்.

போன கிழமை அவருடைய மரணச் சான்றிதழோடு பள்ளிவாசல் காரியாலயத்துக்குப் போனேன். கரையோர வீட்டு வளவுகளுக்கு அரசாங்கத்தில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். ராத்தாவின் வளவுக்கும் இன்னும் உறுதி இல்லை. பள்ளிவாசல் பட்டியலில் பேர் இருந்தால்தான் விண்ணப்பமே எடுபடும். புது மெஷின், புதுக் கிளாக்கர். அவர் மச்சானின் பேரை எடுத்து டிலீட்டை அழுத்தினார். திரையில் இருந்த எழுத்துகள் மச்சான் புள்ளி வைத்து வரைந்தவை. அந்த எழுத்தில் இருந்த ராத்தாவின் பேரும் வீட்டு இலக்கமும் அவர் பேரோடு சேர்ந்து மறைந்தன.

"இது திருத்தின கொப்பி இல்லையே" என்றேன்.

"பழைய மெஷின் பழுதாப் போச்சு. பக்கத்தூருல இருந்து புரோகிராமைக் கொப்பி எடுத்துப் போட்டம். ஏன் காக்கா?" என்றார், மூத்தவன் என்ற மரியாதையோடு.

ராத்தாவை வீட்டுக்காரியாகப் புதிதாகப் பதியவைத்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்பினேன். பிறகு கேட்டேன், இந்தக் கொப்பி வந்த பிறகு எத்தனை ஆம்பிளைகளின் மௌத்தைப் பதிந்தீர்கள் என்று. அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்தினார்.

"உறுதிக்கான பட்டியல் முந்தாநாள் அனுப்பியாச்சே" என்றார். "உங்கட ராத்தாடத வேணுமெண்டா நாளைக்கு வேறயா அனுப்புவம்."

வீட்டுக்கு வந்தேன். "பதிஞ்சாச்சா தம்பி?" என்று ராத்தா உள்ளிருந்து கேட்டாள். "ஓம்" என்றேன். இந்தக் கொப்பியில் புருஷனை அழித்த மற்ற விதவைகளின் வீடுகள் அனுப்பிய பட்டியலில் இல்லை. மச்சானின் மேசையில் உட்கார்ந்து, விசை இல்லாத அந்தக் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருந்தது. அமுக்கினால் அமுங்கியது. விட்டதும் மேலே எழும்பி விரலைத் தொட்டது.